விலைக்கு வந்த வண்டியின் உருவப்படம்

மோட்டார் வண்டி விற்கும் வியாபாரி தன் கொட்டகையின் ஒரு பகுதியைத் தடுத்து, சுவருக்கும் தரைக்கும் வெள்ளை பூசி, உத்தரத்தில் விளக்குகளைக் கட்டி, விலைக்கு வந்த வண்டிகளை ஒவ்வொன்றாக அங்கே ஓட்டி வந்து நிறுத்திப் படம் எடுக்கிற ஏற்பாடு இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெகு சாதாரணமாகிவிட்டது. வண்டி கழுவும் இடம், பழுது பார்க்கும் இடம், கணக்குப் பிள்ளையின் மேஜை என்பவற்றோடு படமெடுக்கும் அறையும் கடையின் ஓர் அங்கமாகிவிட்டபடியால், அது ஆதிமுதலே அங்கிருந்ததுபோன்ற பிரமை உண்டாகிறது. ஆனால் அந்த அறைக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. வண்டி வியாபாரத்தில் புகைப்படம் முதலில் அலங்காரத்துக்காக நுழைந்து, வெகு காலத்துக்குப் பிறகே சாட்சி சொல்லும் உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டது. இவ்விரண்டு உத்தியோகங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை என்பதுதான் அத்தகைய அறையை அமைக்க முற்படுகிறவனுக்கு இன்றுவரை தீராத சங்கடம்.

சங்கடத்தின் வேர் பௌதிக சாஸ்திரத்தில் இருக்கிறது. மண்பானையையோ மரப்பெட்டியையோ படமெடுக்கிறவன் அதன்மேல் வெளிச்சத்தைப் பாய்ச்சினால் போதும். வாங்கிய ஒளியை நாலாபக்கமும் சிதறவிட்டு அந்தப் பொருள் தன் உருவத்தைத் தானே காட்டிவிடும். புளி போட்டுத் துலக்கிய பித்தளைச் செம்பின் எதிரே போய் நின்றாலோ, செம்பு தெரிவதைவிட ஜன்னலும் வாசற்படியும் பார்க்கிறவருடைய முகமுமே அதிகமாகத் தெரியும். மெருகேற்றிய மோட்டார் வண்டி இந்த இரண்டாவது ஜாதியைச் சேர்ந்தது. எந்தக் கோணத்தில் ஒளி வந்து விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும் என்கிற பழைய விதிப்படி, வளைவும் நெளிவும் நிறைந்த அதன் மேனி தன்னைச் சூழ்ந்த உலகத்தில் பெரும்பகுதியைப் பிரதிபலித்துக்கொண்டே இருக்கிறது. எதிர்க் கடையின் பலகை, மின்சாரக் கம்பம், பக்கத்தில் நிற்கும் இன்னொரு வண்டி, காலை அகட்டி நிற்கும் படக்காரர் எல்லாம் கதவிலும் முகப்பிலும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். ஆகவே, வண்டியைப் படமெடுக்கும் வித்தை என்பது, வண்டி எதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறதோ அதையெல்லாம் ஒழுங்குபடுத்தும் வித்தையாகவே முடிகிறது.

மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்பே இந்தத் தொல்லையை அனுபவித்தவர்கள் ரயில் எஞ்சின் கட்டியவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் பெரிய எஞ்சின் தொழிற்சாலைகளில், புதிதாகக் கட்டி முடித்த எஞ்சினை ஓட்டத்துக்கு அனுப்புமுன் படத்துக்கென்றே அதன்மேல் பளபளப்பில்லாத சாம்பல் வர்ணம் பூசி, ஓரக் கோடுகளைக் கறுப்பிலும் வெள்ளையிலும் இழுத்து, தொழிற்சாலையின் படக்காரரைக் கொண்டு படம் எடுத்து, அதன் பிறகே கம்பெனிக்குரிய பச்சையையோ சிவப்பையோ பூசுவது வழக்கமாக இருந்தது. சிக்கனம் தெரிந்தவர்கள் சில சமயம் காமிராவை நோக்கிய பக்கத்துக்கு மட்டும் சாம்பல் பூசி வேலையை முடித்துக்கொண்டதும் உண்டு. படம் எடுத்த பிறகு, கண்ணாடி நெகடிவில் பின்னணியை மையால் அடைத்துவிட்டால், புகைபோக்கிகளும் கரிமேடும் மறைந்து, எஞ்சின் மாத்திரம் வெறும் வெள்ளை வெளியில் தனியே நிற்கும். நிஜ வர்ணத்தை மறைத்ததனால்தான் எஞ்சினின் நிஜ வடிவத்தைக் காட்ட முடிந்தது. ஒரு பொய்யைக் கொண்டு ஒரு மெய்யை நிலைநாட்டும் இந்தச் சாமர்த்தியம் பின்னால் வந்த மோட்டார்ப் படக்காரர்களுக்கெல்லாம் பிதிரார்ஜிதமாக வந்து சேர்ந்தது.

மோட்டார் வண்டிக்காரர்களோ முதல் நாற்பது ஐம்பது வருஷம் புகைப்படத்தை முழுவதாக நம்பவில்லை. போர்டின் மாடல் டி வண்டி 1908இல் வெளிவந்தது. 1914 முதல் 1925 வரையில் அது கறுப்பு ஒன்றிலேயே கிடைத்தது. பளபளக்கும் கறுப்பைக் காட்டிலும் காமிராவுக்குப் பொல்லாத வர்ணம் வேறில்லை. என்றாலும், விலை மலிவே விளம்பரமாக இருந்த வண்டிக்குப் படத்தின் தயவு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. டூபான்ட் கம்பெனியார் கண்டுபிடித்த, சீக்கிரம் உலரும் ட்யூகோ என்னும் பூச்சு 1924ஆம் வருஷத்து ஓக்லண்டு வண்டிகளில் நீலமாக மின்னத் தொடங்கியபின், வர்ண வண்டிகளின் காலம் பிறந்தது. அப்போதோ புகைப்படம் வேறொரு விதத்தில் தோற்றுப்போயிற்று. அக்காலத்துச் சாமானியமான தகடுகளில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளுப்பாகவும் விழுந்தபடியால், வாங்க வந்தவருக்கு வர்ணத்தைப்பற்றிச் சொல்லச் சித்திரக்காரனே வேண்டியிருந்தது. நெட் ஜோர்டன் என்பவர் 1923இல் தம் பிளேபாய் வண்டிக்காக வெளியிட்ட பிரசித்தி பெற்ற விளம்பரம், குதிரைவீரன் ஒருவனோடு போட்டியிட்டு ஓடும் வண்டியின் கைச்சித்திரந்தான். எஞ்சினின் பலம் என்ன, பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்ற லௌகிக விஷயங்களுக்கு அதில் இடமே இல்லை. 1927இல் போர்டு கம்பெனியின் ரூஜ் நதித் தொழிற்சாலையைப் படமெடுக்கச் சார்லஸ் ஷீலர் என்னும் கலைஞரை அமர்த்தியபோதும், அவர் எடுத்துத் தந்த அழியாத படங்கள் உலைகளையும் இயந்திரங்களையும் பட்டைகளையும் பற்றியவையே. வண்டியின் அழகைச் சொல்லும் உரிமை அப்போதும் தூரிகையிடமே இருந்தது.

தூரிகைக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு: அது அளவுகோலுக்குக் கட்டுப்பட்டதல்ல. பான்டியாக் வண்டிகளுக்காக 1959 முதல் 1971 வரையில் ஆர்ட் பிட்ஸ்பாட்ரிக், வான் காப்மன் என்ற இருவர் வரைந்த விளம்பரச் சித்திரங்களைப் பார்க்கிறவர்கள், அந்த வண்டி தெருவில் அடங்குமா என்று சந்தேகப்படும்படியாக இருக்கும். ஒருவர் வண்டியை வரைவார். மற்றவர் கடற்கரையையும் மாளிகையையும் சீமான்களையும் சீமாட்டிகளையும் வரைவார். இடது வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தையே பெருமையாகப் பேசிய கம்பெனி ஆகையால், அகலத்தைச் சித்திரத்தில் இன்னும் கொஞ்சம் தாராளமாகவே காட்டிக்கொண்டார்கள். அதைப் பொய் என்று எவரும் வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் வரும் பட்டங்களை யாரும் சரிபார்க்காதது போலத்தான் போலும்.

இதற்கிடையில், 1950களில், டெட்ராய்ட் நகரத்தில் மோட்டார் வண்டிக்கென்றே தனிப் படச்சாலைகள் எழுந்தன. மிக்கி மக்கைர், ஜிம்மி நார்த்மோர் என்பவர்களின் பூலவார்டு படச்சாலை அவற்றில் பேர்பெற்றது. இன்றைய வியாபாரியின் வெள்ளை அறைக்கு இவையே நேரான மூதாதைகள் ஆகையால், அங்கே வேலை நடந்த முறையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது தகும். சுவர் தரையைச் சந்திக்கும் மூலையை வளைவாகப் பூசி இழைத்துவிடுவார்கள். மூலைக்கோடு மறைந்தபின் பின்னணிக்கு முடிவே இல்லாததுபோலாகும். வண்டிக்கு மேலே, வண்டியைவிட நீளமான வெள்ளைப் பலகை ஒன்றைச் சங்கிலியில் தொங்கவிட்டு, விளக்குகளை வண்டியின்மேல் திருப்பாமல் அந்தப் பலகையின்மேல் திருப்புவார்கள். பலகையின் விளிம்பு வண்டியின் தோளில் விழுந்து, முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை அறுபடாமல் ஓடும் ஒரே ஒளிக்கோடாகத் தெரியவேண்டும். பலகையை ஒரு விரற்கடை சாய்த்தால் கோடு கதவின் பிடியருகே வளைந்துவிடும், இன்னொரு விரற்கடை சாய்த்தால் உடைந்துவிடும். அந்தக் கோட்டைத் திருத்துவதற்கே காலைப்பொழுது முழுவதும் செலவாகும். எங்கும் வெள்ளையாகவே இருந்தால் உருவம் கரைந்து போய்விடுமாதலால், ஓரங்களை எடுத்துக்காட்டுவதற்காகக் கறுப்பு அட்டைகளைக் காமிராவின் பார்வைக்கு வெளியே நிறுத்திவைப்பார்கள். கண்ணாடியிலும் வர்ணப் பூச்சிலும் விழும் தேவையற்ற மினுக்கத்தைக் குறைக்க, எட்வின் லாண்டு 1929இல் கண்டுபிடித்த ஒளிவடிகட்டும் தகடு உதவிற்று. ஆனால் வெற்று உலோகத்தின் மினுக்கத்துக்கு அந்தத் தகடு அடங்காது என்பது இயற்கையின் நியதி ஆகையால், குரோமியம் பூசிய பம்பர்களைச் சமாளிக்க மங்கற்குழம்பைத் தெளித்துப் பார்ப்பதும், கடைசியில் காற்றால் வர்ணம் தூவும் பேனாவோடு காத்திருக்கும் திருத்துவோரிடம் படத்தை ஒப்படைப்பதுமாக இருந்தார்கள். எட்டங்குலத்துக்குப் பத்தங்குலம் அளவுள்ள பிலிமில் நெடுநேரம் திறந்துவைத்து எடுத்த படங்கள் அவை. வெளியே எடுப்பதானால் சூரியன் மறைந்தபின் மேற்கு வானம் வெளுத்திருக்கும் சில நிமிஷங்களுக்காகக் காத்திருப்பார்கள். அந்த வானத்தைக் காட்டிலும் பெரிய வெள்ளைப் பலகையை எந்தத் தச்சனும் செய்ய முடியாதல்லவா?

இத்தனை பிரயாசையும் புதிய வண்டிக்கு. புதிய வண்டிக்கு ஒரு படம் எடுத்தால் அது லட்சம் வண்டிகளுக்கும் செல்லும். தொழிற்சாலையிலிருந்து வரும் ஒவ்வொன்றும் மற்றொன்றின் அச்சு. போக்ஸ்வேகன் கம்பெனியார் 1960இல் இந்த நம்பிக்கையையே விளையாட்டாகத் திருப்பிப் போட்டார்கள்: மாசு மறுவற்றதாகத் தோன்றும் வண்டி ஒன்றின் படத்தைப் போட்டு, உள்ளே சிறு அறையின் மூடியிலுள்ள குரோமியப் பட்டையில் ஒரு கறை இருந்தபடியால் பரிசோதகர் அதை ஒதுக்கிவிட்டார் என்று கீழே எழுதினார்கள். ஒரு வண்டிக்கு மட்டும் உரிய குறையைப்பற்றிப் பேசிய விளம்பரம் அது. என்றாலும் அந்தக் குறை படத்தில் தெரியவே இல்லை. தெரியாத குறையை எழுத்தில் ஒப்புக்கொள்ளும் இந்த நேர்மை, பழைய வண்டி விற்கிறவனுக்கு வந்து சேர இன்னும் வெகு காலம் ஆயிற்று.

பழைய வண்டி ஒவ்வொன்றும் தனி ஆசாமி. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் பிறந்த இரண்டு வண்டிகளில் ஒன்று பாதிரியாரிடமும் மற்றது பாரமேற்றும் குத்தகைக்காரனிடமும் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தால், அவற்றுக்குள் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை இராது. புது வண்டி வாங்க வருகிறவரிடம் பழையதை விலைக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கத்தால், 1920களின் முடிவிலேயே அமெரிக்காவில் பழைய வண்டிகளின் விற்பனை புதியவற்றின் விற்பனையை மிஞ்சிவிட்டது. ஆனால் ஒவ்வொரு பழைய வண்டிக்கும் தனிப்படம் எடுத்துக் கழுவிப் பதித்துப் பத்திரிகையில் அச்சிடுவது கட்டுபடியாகாத காரியம். எனவே வருஷம், மாடல், ஓடிய மைல், விலை என்ற ஒற்றை வரி விளம்பரமே அரை நூற்றாண்டு அந்த வியாபாரத்தைத் தாங்கிற்று. விற்கிறவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரியாத சந்தையில் நல்ல வண்டிகள் எப்படி மெல்ல மெல்ல விலகிப்போகும் என்பதை பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் ஒரு கட்டுரையில் பழைய மோட்டார் வண்டியையே உதாரணமாக வைத்து விளக்கினார். பல பத்திரிகைகள் திருப்பியனுப்பிய அந்தக் கட்டுரைக்காகவே 2001இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். நம் ஊர்க்காரர்களுக்கு அது புதிய தத்துவம் அல்ல. அம்பாஸடருக்கும் பியட்டுக்கும் வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தில் புது வண்டியைப் படம் போட்டு ஆசை காட்டவேண்டிய அவசியம் விற்பவருக்கு இருக்கவில்லை. பழைய வண்டியானாலோ, தெரிந்த மெக்கானிக்கைக் கூடவே அழைத்துப் போய், அவர் கதவைத் தட்டிப் பார்த்துப் பட்டி போட்ட இடத்தை ஓசையாலேயே கண்டுபிடித்துச் சொன்னபிறகுதான் புரோக்கரிடம் விலை பேசுவது முறையாக இருந்தது. காதால் கண்டதை எந்தக் காமிரா காட்டும்?

தனிப்படம் கட்டுபடியாகும் என்று முதன்முதலில் பெருவாரியாகக் காட்டியவர்கள் மலிவுப் பத்திரிகைக்காரர்கள். இங்கிலாந்தின் ரெடிங் நகரத்து ஜான் மடேஸ்கி, அமெரிக்காவின் பிளாரிடாவில் படத்தோடு வண்டி விளம்பரம் போடும் பத்திரிகையைக் கண்டு, ஊர் திரும்பி 1977இல் தேம்ஸ் வேலி டிரேடர் என்ற பத்திரிகையைத் தொடங்கினார்; அதுவே பிற்பாடு ஆட்டோ டிரேடர் ஆயிற்று. தபால்தலையைவிடச் சற்றே பெரிய, மசமசப்பான கறுப்புவெள்ளைப் படங்கள். டெட்ராய்ட்டின் ஒளிக்கோட்டையும் வெள்ளைப் பலகையையும் அறியாதவை. வீட்டு வாசலில், வேலியோரத்தில், நனைந்த தெருவில் எடுத்தவை. ஆனால் அவை ஒரு குறிப்பிட்ட வண்டியின் படங்கள், அதற்குமுன் பத்திரிகையில் அநேகமாகக் காணாத சங்கதி. என் மனசுக்கு, வண்டிப் படத்தின் சரித்திரத்தில் பான்டியாக் சித்திரங்களைவிட இந்த மசமசப்பே பெரிய திருப்பம். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் 3,68,000 பிரதிகள் விற்ற அந்தப் பத்திரிகை, 2013 மார்ச்சில் 27,000 பிரதிகளுக்கு இறங்கி, அவ்வருஷம் ஜூன் மாதத்தோடு அச்சில் வருவதை நிறுத்திக்கொண்டு இணையத்துக்கே போய்விட்டது.

ஜப்பானியர் இன்னும் துணிச்சலான காரியம் செய்தார்கள். 1985இல் புஜிசாகி மசடாகா என்பவர் தொடங்கிய ஆக்நெட் ஸ்தாபனம், பழைய வண்டிகளை ஏல மைதானத்துக்கு ஓட்டி வராமலே, அவற்றின் படங்களை லேசர்த் தட்டுகளில் பதித்து வியாபாரிகளுக்கு அனுப்பி, திரையைப் பார்த்துக்கொண்டே ஏலம் கேட்கும்படி செய்தது. சில வருஷங்களில் தட்டுகளுக்குப் பதிலாகச் செயற்கைக்கோள் வந்தது. வண்டியைத் தொடாமல், முகராமல், தட்டிப் பாராமல் பணம் போடும் வியாபாரிகள் எங்கிருந்து கிடைப்பார்கள் என்று கேட்கலாம். படத்தை மட்டும் நம்பி அவர்கள் வரவில்லை. ஆக்நெட்டின் பரிசோதகர் வண்டி நிற்கும் இடத்துக்கே போய்ப் பார்த்துத் தரமதிப்பெண் போட்டபிறகே படம் திரைக்கு வரும். ஜப்பானிய ஏலங்களில் வழங்கும் பரிசோதனைத் தாளில் வண்டியின் கோட்டுப்படம் ஒன்று இருக்கும். அதன்மேல் கீறலுக்கு ஓர் எழுத்து, நெளிவுக்கு ஓர் எழுத்து, ஒட்டுப்போட்டுச் சீர்செய்த இடத்துக்கு ஓர் எழுத்து, அருகே அளவுக்கு ஓர் எண் என்று குறித்திருப்பார்கள். ஜப்பானிலிருந்து வண்டி இறக்குமதி செய்யும் இலங்கையில், விவரம் தெரிந்தவர்கள் படத்தைப் பார்த்து மகிழ்ந்தபின் அந்த ஏலத்தாளையும் காட்டும்படி வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். புகைப்படம் விட்டுவிட்டதைக் கோட்டுப்படம் சொல்கிறது.

பிறகு பிலிம் இல்லாத காமிராக்கள் வந்தன. சோனி கம்பெனி 1997இல் விற்ற மாவிகா காமிரா, கம்ப்யூட்டரில் செருகும் சாதாரண பிளாப்பித் தட்டிலேயே படத்தைப் பதித்தது. தரம் சொற்பம், சௌகரியம் அபாரம். ஒரு படத்துக்கு ஆகும் செலவு பூஜ்யத்தை நெருங்கியபின், ஒரு வண்டிக்கு ஒன்று என்றிருந்தது இருபதும் நாற்பதுமாகப் பெருகிற்று. வாங்குகிறவர் கடைக்கே வராமல் வண்டியை வீட்டுக்கு வரவழைக்கும் முறையைக் கொண்டு 2012இல் அரிசோனாவில் கிளம்பிய கார்வானா ஸ்தாபனம், வண்டியைச் சுழல்மேடையில் ஏற்றி, சுற்றிச் சுற்றிக் காட்டும் படத்தையே கடையாக்கிவிட்டது. 2018இல் கைபேசியாலேயே அத்தகைய படம் எடுக்கும் கார்360 என்ற கம்பெனியையும் இரண்டு கோடியே இருபது லட்சம் டாலருக்கு வாங்கிப் போட்டது. கடனுக்கு வண்டி எடுத்து நிறுத்தியிருக்கும் வியாபாரிக்கு ஒவ்வொரு நாளும் வட்டி ஏறுகிறது. ஆகையால் டெட்ராய்ட்டில் ஒரு காலைப்பொழுதை விழுங்கிய வேலையைக் கழுவி முடித்த வண்டியின் ஈரம் காய்வதற்குள் முடிக்கவேண்டும் என்பதே புதிய அறையின் தர்மம்.

அறையின் அளவைப்பற்றி வியாபாரிகள் முதலில் செய்யும் தப்பு சிக்கனம். வண்டி ஐந்து மீட்டர் நீளம் என்றால், சுழல்மேடை அதைவிடச் சற்றுக் கூடுதலான விட்டமுள்ளதாக இருக்கவேண்டும். காமிரா அதன் விளிம்பிலிருந்து இன்னும் ஐந்தாறு மீட்டராவது தள்ளி நிற்கவேண்டும். கிட்டே நின்று அகலக் கண்ணாடிவில்லையால் எடுத்தால், முகப்பு வீங்கி வால் சூம்பிப்போன விநோத மிருகமொன்று படத்தில் விழும். மேடையைப் பத்துப் பாகையாகத் திருப்பி நிறுத்தினால் ஒரு சுற்றுக்கு முப்பத்தாறு படங்கள். விளக்குகளெல்லாம் பகல் வெளிச்சத்தின் வர்ணத்தை ஒத்த ஒரே ஜாதியாக இருக்கவேண்டும். கதவிடுக்கு வழியாக வெயிலும் பழைய மஞ்சள் விளக்கும் கலந்தால் வெள்ளை வண்டியின் ஒரு கன்னம் நீலமும் மறு கன்னம் மஞ்சளுமாகும். வெள்ளைத் தரையில் ஒவ்வொரு வண்டியும் தன் டயர்ச் சுவடை விட்டுவிட்டுப் போகும். துடைக்கவும் மறுபடி பூசவும் ஆள் வேண்டும். இவையெல்லாம் பணத்தாலும் சிரத்தையாலும் தீரும் விஷயங்கள்.

தீராதது, முன்னே சொன்ன சங்கடம். எங்கும் சமமாகப் பரவிய மெல்லிய வெள்ளை வெளிச்சம் வண்டியை மணப்பெண்ணாக்குகிறது. ஆனால் ஒரு நெளிவு இப்பக்கத்து வெள்ளையை விட்டு அப்பக்கத்து வெள்ளையைப் பிரதிபலித்தால் யார் கண்டுபிடிக்க முடியும்? சுற்றிலும் வெள்ளையே இருக்கும்போது பள்ளமும் வெள்ளையாகவே தெரியும். பள்ளத்தை வர்ணம் கெடாமல் உள்ளிருந்து நெம்பி எடுக்கும் தொழிலாளர்கள் இதை நன்கு அறிவார்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் உள்ள விளக்குப் பலகையை வண்டியருகே நிறுத்தி, நேர்க்கோடு எந்த இடத்தில் வளைகிறதோ அங்கே கையை வைப்பார்கள். மோட்டார்த் தொழிற்சாலைகளில் வர்ணத்தைப் பரிசோதிக்க நீண்ட குழல் விளக்குகளை வரிசையாக அடுக்கிய சுரங்கப்பாதை அமைத்திருப்பதும் இந்தத் தத்துவத்தின்படியே. ஆகையால் அழகுக்கு உகந்த வெளிச்சம் சாட்சிக்கு உதவாது. சாட்சிக்கு உகந்த வெளிச்சத்தில் புத்தம்புதிய வண்டிகூட நோயாளிபோலத் தோன்றும். அறை அமைக்க ஆலோசனை சொல்கிறவர்கள் மேல்விளக்கின் அகலத்தைப்பற்றி எவ்வளவோ பேசுகிறார்கள். பக்கச் சுவரில் இரண்டு வரிசைக் கோட்டு விளக்குகளைத் தனி விசையோடு பொருத்தி, கீறலுக்கும் நெளிவுக்கும் அந்த வெளிச்சத்தில் தனிப்படம் எடுத்துச் சேர்க்கும்படி சொல்கிறவர்கள் சொற்பம். செலவென்று பார்த்தால் சுழல்மேடையின் விலையில் அது ஒரு சிறு பங்குகூட ஆகாது.

இப்போது அறையே வேண்டாம் என்று சொல்லும் மென்பொருள்கள் புறப்பட்டிருக்கின்றன. கடைவாசலில் நிற்கும் வண்டியைக் கைபேசியில் எடுத்தால், பின்னணியை வெட்டியெறிந்து, எங்கும் கட்டப்படாத வெள்ளை மண்டபமொன்றில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகின்றன. கண்ணாடி நெகடிவில் மை பூசியவர்களின் வேலைதான், நொடியில் நடக்கிறது. ஆயினும் மண்டபத்தில் நிற்கும் வண்டியின் கதவைக் கூர்ந்து பார்த்தால், அங்கே வேப்பமரமோ மின்கம்பியோ படக்காரரின் முழங்காலோ தெரிந்துவிடுவதுண்டு. அந்தப் பிரதிபிம்பத்தையும் துடைத்துத் தருவதாகச் சில கம்பெனிகள் முன்வந்திருக்கின்றன. துடைக்கிற மென்பொருளுக்கு மரத்தின் நிழலுக்கும் கதவின் நெளிவுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் சேர்ந்தே போய்விடும். பிறகு வண்டி வாங்கினவர் வீட்டு வாசலில் வந்து இறங்கும்போது, நெளிவு மட்டும் திரும்பி வந்திருக்கும், அதோடு அவருடைய கடிதமும் கடைக்கு வரும்.